ஹைகிரவுண்டில் மூன்று போர்ஷன் வீடு: முதன்முதலாக வாடகைக்கு விட்ட ஒரு குடும்பத்தின் கணக்கு

கணவர் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர். மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர். இருவருக்கும் வயது நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. நெல்லை பாளையங்கோட்டையில் குடியிருக்கச் சொந்த வீடு உண்டு. 2022 ஆகஸ்டில், வாடகைக்கு விடுவதற்கென்றே அதே ஊரின் ஹைகிரவுண்டு பகுதியில் இன்னொரு வீடு வாங்கினார்கள். அவர்களுக்கு வருமான வரிக் கணக்கு எழுதுபவன் நான். பத்திரச் செலவிலிருந்து குழாய் மாற்றிய கூலி வரை எல்லா ரசீதும் என் மேஜைக்கு வந்தன. அவர்கள் சம்மதத்தோடு, பெயரும் தெருவும் தவிர்த்து, கணவரைத் ‘தம்பி’ என்றும் மனைவியை ‘அந்த அம்மா’ என்றும் குறித்து, அந்த வீட்டின் கணக்கை எழுதுகிறேன்.

எழுதக் காரணம் இருக்கிறது. சொத்து வாங்க வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம், ‘அந்தப் பக்கம் சென்ட் என்ன விலைக்குப் போகும்?’ என்பதுதான். ‘அங்கே யார் குடிவருவார்கள், எத்தனை வருஷம் இருப்பார்கள்?’ என்று கேட்பவர்கள் குறைவு. வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் ஆண்டு வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு போயிற்று. அதற்குப் பிறகு புரோக்கருக்கு, வெள்ளையடிக்க, பழுது பார்க்க என்று தனிச் செலவு. குடியிருப்பவர் மனம் கோணாமல் தங்குவதுதான் வாடகை வீட்டின் வருமானம். இந்தத் தம்பதி செய்த நல்ல முடிவுகள் எல்லாமே அந்த இடத்திலிருந்து பார்த்து எடுத்தவை. இவர்கள் கணக்கை எழுத எடுத்துக்கொண்டது அதற்காகத்தான்.

காலி மனையிலிருந்து தொடக்கம்

நம் பக்கத்தில் கையில் நாலு காசு சேர்ந்தால் மனை வாங்கிப் போடுவது வழக்கம். இவர்களும் 2013இல் ரெட்டியார்பட்டிக்கு அப்பால் ஐந்து சென்ட் வாங்கிப் போட்டார்கள். அனுமதி பெறாத லேஅவுட். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோது, விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் நின்றார்கள். 2017இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் கட்டணம் கட்டி மனையைச் சரிசெய்தார்கள். 2022இல் அது 9 லட்சத்துக்குப் போனது. விலை ஏறியது உண்மைதான். ஆனால் ஒன்பது ஆண்டில் அந்த மனை ஒரு ரூபாய் வருமானம் தரவில்லை. ஆண்டுதோறும் கருவேலம் வெட்டவும், சாய்ந்த வேலிக்கல்லை நட்டுவைக்கவும் இவர்கள்தான் செலவழித்தார்கள். “இனிமே மாசாமாசம் காசு தர்ற சொத்துதான் அண்ணாச்சி” என்று அந்த அம்மா சொன்னது அந்த அனுபவத்தில்தான்.

மனை விற்ற 9 லட்சம், சேமிப்பும் சீட்டுப் பணமுமாக 14 லட்சம், ஆக 23 லட்சம் சொந்தப் பணம். மீதிக்கு வங்கி.

மூன்று வீடுகள் பார்த்தார்கள். முதலாவது கே.டி.சி. நகரில் புதிதாகக் கட்டிய தனி வீடு. செலவெல்லாம் சேர்த்தால் 43 லட்சம் வரும். பார்க்க லட்சணமான வீடு. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் 11,000 ரூபாய்க்கு மேல் வாடகை போகாது என்று தெரிந்தது. ஆண்டுக்கு 1,32,000. போட்ட பணத்துக்கு 3 சதவீதத்தைச் சற்றே தாண்டும், அதுவும் செலவு கழிக்குமுன்.

இரண்டாவது மீனாட்சிபுரத்தில். 28 லட்சம்தான். ஜங்ஷன் பக்கம், பஸ், ரயில் எல்லாம் கைக்கெட்டும் தூரம், வாடகைக்குப் பஞ்சமே இருக்காது. தம்பி ஏறக்குறைய முடிவே செய்துவிட்டார். வீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது, ரெண்டு வீடு தள்ளி நடையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆச்சி கூப்பிட்டார். “எய்யா, வீடு வாங்கவா வந்திருக்கிய? தொண்ணூத்தி ரெண்டுல ஆத்துத் தண்ணி எங்க வீட்டுல இந்தா இம்புட்டு நின்னுச்சி” என்று சுவரில் கை வைத்துக் காட்டினார். அவர் கை வைத்த இடம் தம்பியின் தோள் உயரம். அந்தச் சுவரில் அந்த உயரம் வரை மட்டும் பூச்சு வேறு நிறமாக இருந்தது. இவர்கள் பார்த்த வீட்டில் அப்போதுதான் புது பெயின்ட் அடித்திருந்தார்கள். 1992 நவம்பர் வெள்ளம் நெல்லையில் வயதானவர்கள் யாரும் மறக்காதது. எந்தப் பத்திரத்திலும், எந்த வில்லங்கச் சான்றிதழிலும் அது வராது. தெருவில் முப்பது ஆண்டு குடியிருந்த ஒருவரிடம் பேசுவதற்கு ஈடான விசாரணை இல்லை.

மூன்றாவது, ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய வீடு. இரண்டே முக்கால் சென்ட். கீழே முன்னும் பின்னுமாக இரண்டு போர்ஷன், மாடியில் ஒன்று. தனித்தனி வாசல், தனித்தனி அடுக்களை. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இடம் மேடு. 1965இலிருந்து அங்கே மருத்துவக் கல்லூரி இருக்கிறது, சுற்றிலும் தனியார் மருத்துவமனைகள், லேப்கள், மருந்துக்கடைகள். செவிலியர், டெக்னீஷியன், மேற்படிப்பு டாக்டர்கள் என்று ராத்திரி வேலைக்கு நடந்து போக வேண்டியவர்கள் எப்போதும் வீடு தேடிக்கொண்டிருப்பார்கள். அந்த அம்மாவே அப்படித் தேடி அலைந்தவர்தான். குடிவரப்போகிறவரை அவர் நன்றாக அறிவார். முன் போர்ஷன் 7,500, பின் போர்ஷன் 5,500, மாடி 7,000. மாதம் 20,000 என்று கணக்கிட்டார்கள். கேட்ட விலை 40 லட்சம்.

பத்திரத்தில் இருந்த மூன்று முடிச்சுகள்

முதல் முடிச்சு, தங்கச்சி. வீடு விற்பவர்களின் தகப்பனார் சுயமாகச் சம்பாதித்தது. உயில் எழுதாமல் இறந்துவிட்டார், தாயாரும் இல்லை. மகன்கள் இருவர் விற்க வந்தார்கள். மகள் மும்பையில். “அவளுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் கல்யாணத்துலயே செஞ்சாச்சு, அவ ஒண்ணும் கேக்க மாட்டா” என்றார்கள். அவர் கேட்பாரா மாட்டாரா என்பது பேச்சே இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அந்த வீட்டில் மூவருக்கும் சம பங்கு. கையெழுத்து இல்லாமல் வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு இன்னும் அந்தப் பெண்ணுடையது. வழக்கறிஞர் அசைந்து கொடுக்கவில்லை. அந்தத் தங்கச்சி மும்பையிலிருந்து வந்து, மூன்றாவது விற்பனையாளராகக் கையெழுத்திட்டு, தன் பங்குக்குத் தன் பெயரிலேயே டி.டி. வாங்கிக்கொண்டு போகும்வரை பத்திரம் நிறுத்தி வைக்கப்பட்டது. இதில் சில மாதம் போயிற்று. இடையில் வேறொருவர் கூடுதல் விலைக்குக் கேட்கிறார் என்று புரோக்கர் நெருக்கினார். போனால் போகட்டும் என்று இருந்தார்கள். சட்டச் சிக்கல் ஒருபுறம் இருக்கட்டும், கூடப்பிறந்தவளுக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காமல் வாங்கும் வீடு நமக்கு எதற்கு என்று அந்த அம்மா கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது முடிச்சு, ஒத்தி. நம் தென் மாவட்டங்களுக்கு வெளியே இருப்பவர்களுக்கு இதன் கனம் சட்டென்று புரியாது. வீட்டுக்காரர் ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொள்வார். கொடுத்தவர் வீட்டில் குடியிருப்பார். வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை. காலி செய்யும்போது முழுத் தொகையையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். முறைப்படி இது ஒரு அடமானம், பதிவு செய்திருந்தால் வில்லங்கச் சான்றிதழில் வரும். ஆனால் பெரும்பாலும் முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு பீரோவில் வைத்துவிடுகிறார்கள். பின் போர்ஷனில் இருந்தவர் 3 லட்சம் ஒத்திக்கு இருப்பவர் என்பது, வில்லங்கம் சுத்தமாக வந்த பிறகு, அந்த அம்மா நேரே போய்க் கதவைத் தட்டி “மாச வாடகை எவ்வளவு குடுக்கீங்க?” என்று கேட்டபோதுதான் தெரிந்தது. பதிவு செய்யாத ஒத்தி சட்டத்தின் முன் நிற்காது என்று தைரியம் சொல்ல ஆட்கள் இருந்தார்கள். நிற்காமல் இருக்கலாம். பணம் கொடுத்த மனிதர் வீட்டுக்குள் இருக்கிறாரே, அவரை என்ன செய்வது? அவர் பணம் என்ன பாவம் செய்தது? விலையில் 3 லட்சத்தைப் பிடித்துவைத்து, பதிவன்று அவர் சாவியைக் கொடுத்ததும் அவர் பெயரிலேயே டி.டி.யாகக் கொடுத்து ரசீது வாங்கினார்கள். வீடு வாங்குகிறவர்கள் யாராக இருந்தாலும், உள்ளே குடியிருப்பவர் ஒவ்வொருவரிடமும் என்ன பணம், யாரிடம், எந்தக் காகிதத்தில் என்று கேட்டே ஆக வேண்டும்.

ஒத்தி பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கடனை அடைக்க வீட்டை ஒத்திக்கு விடலாமே என்று புதிதாக வாங்குகிறவர்கள் பலர் யோசிக்கிறார்கள். மாதம் 5,500 வாடகை போகும் போர்ஷனை 3 லட்சம் ஒத்திக்கு விட்டால் ஆண்டுக்கு 66,000 ரூபாய் வாடகையை இழக்கிறீர்கள். 3 லட்சத்துக்கு 22 சதவீத வட்டி. 4 லட்சம் வாங்கினாலும் பதினாறரை சதவீதம். வங்கி 8, 9 சதவீதத்துக்குத் தரும்போது இந்தக் கணக்கு உதைக்கிறது. குடியிருப்பவருக்கு ஒத்தி லாபம், அதில் சந்தேகமில்லை. அவருக்கும் பணம் திரும்பி வருமா என்ற பயம் கூடவே இருக்கும்.

மூன்றாவது முடிச்சு இன்னும் முழுதாக அவிழவில்லை. மாடிக்கு அனுமதி வரைபடம் இல்லை. வங்கி மதிப்பீட்டாளர் மனையையும் கீழ்த்தளத்தையும் மட்டும் கணக்கில் எடுத்து 30 லட்சம் என்று எழுதினார். இதைக் காட்டித்தான் விலை 40இலிருந்து 36 லட்சத்துக்கு இறங்கியது. இறங்கிய 4 லட்சம் அந்த அபாயத்துக்கான ஈடு, லாபம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது என்று அப்போதே சொன்னேன்.

விற்பவர்கள் பத்திரத்தில் குறைத்துக் காட்டி மீதியை ரொக்கமாகக் கேட்டார்கள். இவர்கள் மறுத்துவிட்டார்கள். சொத்து முன்பணம் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது, மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். நாளைக்கு விற்கும்போது, குறைத்துக் காட்டிய தொகை முழுவதும் நம் லாபமாகத் தெரிந்து வரி கூடும். முழு விலைக்கே பத்திரம். அன்றைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4, ஆக 11 சதவீதம். 3,96,000 ரூபாய். 2023இல் பதிவுக் கட்டணம் 2 சதவீதமானது, இன்று வாங்குகிறவர்களுக்கு அந்த அளவுக்கு மிச்சம். வழக்கறிஞர், மதிப்பீடு, எழுத்துக்கூலி எல்லாம் 24,000. பழுது பார்க்க 2,80,000. மொத்தம் 43 லட்சம். பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும். பட்டா, வீட்டு வரி, கரண்ட் எல்லாம் அதே ஆண்டில் பெயர் மாற்றியாயிற்று.

கடன்

வங்கி 24 லட்சம் வரை தரத் தயாராக இருந்தது. 20 லட்சம் போதும் என்றார்கள். 8.05 சதவீதம், 20 ஆண்டு, மாதத் தவணை ஏறத்தாழ 16,800.

அந்த ஆகஸ்டில் 5.40 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதம் (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) 2023 பிப்ரவரியில் 6.50 ஆயிற்று. கடன் வட்டியும் கூடவே 9.15க்கு ஏறியது. தவணை மட்டும் மாறவில்லை. தம்பிக்கு நிம்மதி. எத்தனை மாதம் பாக்கி என்று பார்க்கச் சொன்னேன். 234 மாதமாக இருந்திருக்க வேண்டியது 300ஐத் தாண்டியிருந்தது. தவணையைத் தொடாமல் காலத்தை ஐந்து ஆண்டுக்கு மேல் நீட்டிவிட்டார்கள். எழுதிக்கொடுத்து தவணையை 18,200ஆக உயர்த்தி, காலத்தைப் பழையபடிக்குக் கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்ற தேர்வை கடன் வாங்கியவருக்கே தர வேண்டும் என்று வங்கிகளுக்கு உத்தரவிட்டது. கேட்டால்தான் கிடைக்கும்.

மீட்டரும் தண்ணீரும்

மூன்று போர்ஷனுக்கும் ஒரே மின் இணைப்பு. பழைய வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்தார். ஊர் வழக்கம் அதுதான், பெரிய நகரங்களில் இதைவிடவும் கூட்டி வாங்குகிறார்கள். அதில் வீட்டுக்காரருக்கு மாதம் கொஞ்சம் காசு நிற்கும். இவர்கள் அதை வேண்டாம் என்று, மூன்று போர்ஷனுக்கும் தனித்தனி இணைப்புக்கு விண்ணப்பித்தார்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பர் கட்டண உயர்வுக்குப் பிறகும், இரண்டு மாதத்தில் 200 யூனிட் ஓட்டும் குடும்பத்துக்கு அப்போது பில் 225 ரூபாய்தான் வந்தது. அதே 200 யூனிட்டுக்கு சப்-மீட்டரில் 1,600 ரூபாய். வித்தியாசம் மாதத்துக்கு ஏறத்தாழ 690 ரூபாய். அரசு கொடுக்கும் சலுகை குடியிருப்பவர் கைக்குப் போய்ச் சேருவது நியாயம். அது வீட்டுக்காரருக்கும் லாபமாகவே முடிந்தது. 5,500 ரூபாய் வாடகை கொடுப்பவருக்கு 690 ரூபாய் சின்னக் காசில்லை. பக்கத்துத் தெருவில் இதே வாடகைக்கு வீடு காலியானாலும் அவர் எளிதில் கிளம்ப மாட்டார்.

தண்ணீர் இதைவிடப் பெரிய விஷயம். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வரும் நேரம் ஒரு சீராக இருக்காது, போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு. மொட்டைமாடியில் ஒரே தொட்டி. கீழே இருவர் குழாய் திறந்தால் மாடியில் சொட்டும். மோட்டார் ஸ்விட்ச் முன் போர்ஷனுக்குள் இருந்தது. காலையில் டூட்டி முடித்து வந்து குளிக்க நிற்கும் பின் வீட்டுப் பெண், முன் வீட்டுக் கதவு திறக்கும்வரை வாளியோடு காத்திருக்க வேண்டும். பல குடும்பங்கள் ஒரே வாசலுக்குள் குடியிருக்கும் வளவு வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தத் தண்ணீர்ச் சண்டை புதிதல்ல. வேலை பார்த்த பிளம்பர் ஒரு பெரிய தொட்டி வைத்துவிடலாம் என்றார். அந்த அம்மா மூன்று சின்டெக்ஸ் தொட்டிகள் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வும் தனிக் குழாயும் போடச் சொன்னார். ஸ்விட்சைப் பொது நடைக்கு மாற்றினார். பழுதுச் செலவில் இதற்குத்தான் அதிகம் போனது. டைல்ஸ் மாற்றவில்லை, பழைய சிவப்புத் தரையையே தேய்த்து விட்டார்கள்.

யாருக்கு விடுவது

வீட்டுக்கு எதிரே இருக்கும் பெரியவர், “ஆளு யாருன்னு விசாரிச்சுட்டு விடுங்க” என்றார். எந்த அர்த்தத்தில் கேட்கிறார் என்று இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். சாதி கேட்டு, மதம் கேட்டு, சைவமா என்று கேட்டு வீடு விடுவது இங்கே இன்றும் நடக்கிறது. அந்த அம்மா சொன்ன பதில்: “நைட் டூட்டி முடிஞ்சு வாற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லியே வீடு குடுக்க மாட்டாங்க அண்ணாச்சி. நானும் அதைக் கேட்டு நின்னவதான். நான் கேக்க மாட்டேன்.” கேட்கவில்லை. எங்கே வேலை, வீட்டில் எத்தனை பேர், முன்பு எங்கே இருந்தீர்கள், ஏன் மாறுகிறீர்கள் என்று மட்டும் கேட்டார். முன்பிருந்த வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, வாடகை எந்தத் தேதியில் வரும் என்று விசாரித்தார். சாதி கேட்பது அநீதி என்பதே என் முதல் காரணம். கணக்குக்காரனாகவும் சொல்கிறேன், ஒருவர் வாடகையை ஒழுங்காகக் கொடுப்பாரா என்பது பற்றி அந்தக் கேள்வி ஒன்றும் சொல்லாது, நல்ல குடித்தனங்களை வாசலிலேயே திருப்பி அனுப்பும்.

முன் போர்ஷனுக்கு ஒரு மினிபஸ் டிரைவர் குடும்பம் வந்தது. பின்னால் இரண்டு செவிலியர்கள். மாடியில் முதலில் ஒரு லேப் டெக்னீஷியன். எல்லோருக்கும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம். 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் இருக்கிறது. எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் கட்டாயம், வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, வீட்டுக்குள் வர 24 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். பத்து மாத அட்வான்ஸ் கேட்பது வழக்கம் என்றாலும் இவர்கள் மூன்றோடு நின்றார்கள். அந்த அட்வான்ஸ் தனி வங்கிக் கணக்கில் கிடக்கிறது. அது திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம், அதை எடுத்துப் பழுதுக்குப் போட்டுவிட்டு, காலி செய்யும் நாளில் அடுத்து வருகிறவரை எதிர்பார்க்கும் வீட்டுக்காரர்களால்தான் பாதிச் சண்டை வருகிறது.

ஆண்டுக் கணக்கு

2022-23 பழுதிலும் ஆள் பிடிப்பதிலும் போயிற்று. அதை விட்டுவிடலாம்.

2023-24 முழு ஆண்டு. எல்லாம் நிறைந்திருந்தால் 2,40,000. பின் போர்ஷன் இரண்டு மாதமும் மாடி ஒரு மாதமும் காலி. கைக்கு வந்தது 2,22,000. வீட்டு வரி 6,000, தண்ணீர்க் கட்டணம் 2,400, நடைவிளக்கும் மோட்டாரும் 2,400, புரோக்கருக்கு 3,500. பழுது 31,000. அந்த ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை எல்லோருக்கும் தெரியும். மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை எல்லாம் தண்ணீருக்குள். ஆச்சி கை வைத்துக் காட்டிய அந்தத் தெருவிலும் ஆறு புகுந்தது. ஹைகிரவுண்டில் வாசல்படி நனைந்ததோடு சரி, ஆனால் மாடித் தளம் ஒழுகியது. மொட்டைமாடியில் பதித்திருந்த தட்டோடுகளைப் பெயர்த்துப் புதிதாகப் பதித்தார்கள், பழுதுச் செலவில் பெரும்பகுதி அதற்குத்தான். ஊரில் குழாய்த் தண்ணீர் நின்றிருந்த நாட்களில் போரும் மூன்று தொட்டிகளும் இருந்ததால் குடியிருப்பவர்கள் சிரமப்படவில்லை. டிரைவர் வீட்டார் அக்கம்பக்கத்தவருக்கும் வாளி வாளியாகக் கொடுத்தார்கள்.

எல்லாம் கழித்து நின்றது 1,76,700. போட்ட 43 லட்சத்துக்கு 4.1 சதவீதம். வங்கி வைப்புத்தொகையில் அன்றைக்கு இதைவிடக் கூடுதலாகக் கிடைத்திருக்கும், இதை மறைக்கக் கூடாது. தவணை ஆண்டுக்கு 2,18,400. ஆக, கையிலிருந்து 41,700 போட்டார்கள், மாதம் ஏறத்தாழ 3,500. வாடகையே கடனைக் கட்டிவிடும் என்று சொல்கிறவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். வங்கி தந்த 24 லட்சத்தையும் வாங்கியிருந்தால் துண்டு விழும் தொகை 85,000ஐத் தாண்டியிருக்கும். இரண்டு பிள்ளைகள் படிக்கும் வீட்டில் அந்த வித்தியாசம் கையைக் கடிக்கும்.

வருமான வரியில் வந்த வாடகையிலிருந்து கட்டிய வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பழுதுக்கென்று கழித்துக்கொள்ளலாம், ரசீது வேண்டாம். பிறகு கடன் வட்டி. இவர்களுக்கு 2,16,000இல் 64,800 போக 1,51,200. வட்டி ஏறத்தாழ 1,80,000. நஷ்டம் 28,800. பழைய வரிமுறையில் இருப்பவர் இந்த நஷ்டத்தை ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் கழிக்கலாம். புதிய முறையில் கழிக்க முடியாது. வாடகைக்கு வரி வராது, அவ்வளவுதான். பாதிப் பாதி பங்கு என்பதால் இருவர் கணக்கிலும் பாதிப் பாதியாகக் காட்டினோம்.

2024-25இல் மாடியில் சிக்கல். விற்பனைப் பிரதிநிதிகள் இருவர் குடிவந்து, சில மாதத்தில் வாடகையை நிறுத்தினார்கள். தண்ணீரை அடைத்துவிடுங்கள், தானாக ஓடுவார்கள் என்று தம்பியிடம் யாரோ சொன்னார்கள். சட்டம் அதைத் தடுக்கிறது, செய்தால் தப்பு நம் மேல் வரும். இரண்டு மாதம் நின்றதும் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து, நேரில் உட்கார்ந்து பேசினார்கள். ஒருவனுக்கு வேலை போயிருந்தது. நாலு மாதப் பாக்கியில் மூன்று மாதத்தை அட்வான்ஸில் கழித்து, ஒரு மாதத்தை விட்டுக்கொடுத்து, சாவி வாங்கினார்கள். 7,000 போயிற்று. வாடகை நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் நியாயம் இவர்கள் பக்கம்தான், ஆனால் அதுவரை மாடி பூட்டிக் கிடந்திருக்கும். அந்த ஆண்டு செலவு போக ஏறத்தாழ 2,00,800 நின்றது. துண்டு 17,600ஆகக் குறைந்தது. டிரைவர் குடும்பமும் செவிலியர்களும் ஒரு மாதம்கூடக் காலி விடாததே அதற்குக் காரணம்.

2025இல் ஒப்பந்தம் புதுப்பித்தபோது வாடகை 8,000, 5,800, 7,500 என்று ஆனது. யாரும் முகம் சுளிக்கவில்லை. ரெப்போ விகிதமும் அந்தப் பிப்ரவரியிலிருந்து இறங்கத் தொடங்கியது. இந்த முறை தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது தம்பிக்கு அபிஷேகப்பட்டி மேல் கண். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்துப் பக்கம் சின்னதாக ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறதாம். அங்கே மாணவர்கள் வருஷத்தில் எத்தனை மாதம் இருப்பார்கள், விடுமுறையில் வாடகை கொடுப்பார்களா என்று விசாரிக்க அந்த அம்மா போகிறார். அகலக்கால் வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. ஆறு மாதத் தவணை கையிருப்பாக இன்னும் சேரவில்லை, மாடி வரைபடமும் பாக்கி. பொறியாளர் வந்து அளந்து பார்த்ததில் ஒரு பக்கம் விட வேண்டிய இடைவெளி போதாமல் இருக்கிறது. அதை எப்படிச் சரிசெய்வது, என்ன செலவாகும் என்று அவர் எழுதித் தந்த பிறகுதான் அபிஷேகப்பட்டிக்காரருக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பது பற்றிப் பேசுவது என்று இருவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.